மயிலாத்தாளோட தவடை

பேசாதீங்க தம்பி, பஞ்சு நகந்துருமுங்க. அந்த நர்சுப் புள்ள சொன்னது கேட்டுச்சல்ல, அரை மணி நேரத்துக்கு வாயத் தெறக்கப்படாதுன்னு. கெட்டியாக் கடிச்சுக்கிட்டு செவுத்துல சாஞ்சு உக்காருங்க. எச்சி ஊறுனா முழுங்கிப் போடுங்க, துப்பப்படாது. எனக்கு இதெல்லாம் அத்துப்படிங்க. எங்கூட்டுல ரெண்டு பல்லுப் புடுங்கியாச்சு.

எனக்கில்லீங்க. என்ற பல்லு இந்த வயசுலயும் கரும்பு கடிக்கும். எங்கூட்டுக்காரிக்கு. மயிலாத்தான்னு பேரு. நீங்க கன்னத்தப் புடிச்சுக்கிட்டு வெளிய வந்தப்ப, பச்சச் சீல கட்டிக்கிட்டு உள்ள வந்தாளே, அவதான். கூட வந்தது நானு, சென்னியப்பன். உடுமலைக்குத் தெக்க நம்மூரு. இன்னைக்கு மூணாவது பல்லுப் புடுங்கறதுக்குன்னு கூட்டிட்டு வந்திருக்கறேன்.

இப்ப அவ உள்ள இருக்கறா, நான் வெளிய இருக்கறேன். இதுதானுங்க எனக்குப் புரியாத சங்கதி.

ரெண்டு பேருந்தான் உள்ள போனோம். டாக்டரம்மா சின்ன வயசுதான், நல்லாத்தான் சிரிச்சுது. “என்னங்கம்மா பண்ணுது”ன்னு கேட்டுது. “இடது பக்கத் தவடைங்க, நாலஞ்சு மாசமா வலி, ரெண்டு பல்லுப் புடுங்கியும் நிக்கல”ன்னு நான் சொன்னேன். “அவங்க சொல்லட்டுமுங்க ஐயா”ன்னுது. செரி, சொல்லட்டும்னு நானும் உட்டுட்டேன். ஆனா அவ சீலத் தலப்பச் சரி பண்ணி, தொண்டையச் செருமி, ஆரம்பிக்கறதுக்குள்ள பொழுது உழுந்துருமுங்க. டாக்டருக்கு நேரமாகுதேன்னு மிச்சத்தையும் நானே சொன்னேன். அந்தம்மா பொசுக்குன்னு எந்திரிச்சு வந்து கதவத் தெறந்து, “ஐயா, நீங்க வெளிய உக்காருங்க, நான் கூப்பிடறேன்”னுருச்சு. கதவையும் சாத்தீருச்சு.

எங்களுக்குக் கண்ணாலம் ஆயி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. இதுவரைக்கும் ஒரு டாக்டரு என்னைய வெளிய போன்னு சொன்னதில்ல. பிரசவத்துக்குக் கூட, வாசப்படி வரைக்கும் போயி நின்னு, வலி எப்ப ஆரம்பிச்சுதுன்னு நாந்தான் சொன்னேன்.

அவளுக்குப் பேசத் தெரியாதுன்னு சொல்ல வரலீங்க. பக்கத்துத் தோட்டத்துப் பொம்பளைகளோட வேலியோரம் நின்னான்னா நேரம் போறதே தெரியாது. ஆனா டாக்டருகிட்டப் பேசறது வேற. ஒருக்கா காய்ச்சலுக்குப் போயிருந்தோம். “எத்தன நாளாங்கம்மா காய்ச்சலு”ன்னு அந்த டாக்டரு கேட்டாரு. இவ, “என்ற தம்பி புள்ளைக்குச் சீரு வச்சிருந்தாங்க, அன்னைக்குப் பாத்து மழ”ன்னு ஆரம்பிச்சா. அவரு பேனாவ மூடிக் கீழ வச்சுட்டாரு. நான் குறுக்க பூந்து, மூணு நாளுங்கன்னேன். ஒடனே மருந்து எழுதிட்டாரு. ஊட்டுக்கு வந்த பொறகு, “நாலு நாளுங் மாமா”ங்கறா. மூணோ நாலோ, காய்ச்சலு போச்சல்லங்க. அன்னையிலிருந்து ஆசுபத்திரிப் பேச்செல்லாம் என்ற பொறுப்புன்னு ஆயிப்போச்சு.

தலையாட்டறீங்க. உங்களுக்குப் புரியுது. உங்க ஊட்டுலயும் இப்படித்தான் இருக்கும். வேண்டாம், வேண்டாம், கையக் காட்டாதீங்க, நானே புரிஞ்சுக்கறேன்.

கத தவடையில ஆரம்பிக்கலீங்க. தலையில ஆரம்பிச்சுது. ஒத்தத் தலவலி. சாதாரணத் தலவலின்னா தைலம் தேச்சாப் போயிரும். இது வந்துச்சுன்னா ஊட்டுல லைட்டுப் போடப்படாது, தாளிக்கப்படாது, ஒருத்தரும் சத்தமாப் பேசப்படாது. கடுகு பொரியற சத்தம் மண்டைக்குள்ள கேக்குதும்பா. நெல்லு மூட்ட அடுக்கற ரூமுல, ஈரத்துண்ட நெத்தியில கட்டிக்கிட்டு, குறுக்கிப் படுத்துக்குவா. வாந்தி வேற. நான் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்குவனுங்க. ஒறம்பரை யாராச்சும் வந்தாக்கூட சைகையிலயே திருப்பி அனுப்பிருவேன். அவ படுத்துட்டா ஊடு ஊடாட்டமே இருக்காதுங்க. எனக்குப் பயமா இருக்கும். நெசமாச் சொல்றேன், இவளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் யாருகிட்டப் போயிப் பேசுவேன்?

கோயமுத்தூருல தலைக்குன்னே பாக்கற டாக்டரு ஒருத்தரு. அங்க கூட்டிட்டுப் போனேன். நல்ல மனுசன், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாக் கேட்டாரு. ரெண்டு மாத்திரை குடுத்தாரு. ஒண்ணு பெருசு, தெனமும் ராத்திரி படுக்கறப்ப. இன்னொண்ணு சின்னது, ரோசு கலரு. “தலவலி வருதுன்னு தெரிஞ்ச ஒடனே இதப் போடச் சொல்லுங்க. வந்தா மட்டுந்தான். சும்மா போடப்படாது”ன்னு என்கிட்டத்தான் சொன்னாரு. அவகிட்டச் சொல்லல, ஏன்னாக் கேட்டது நானு. அவ பக்கத்துல மிசினுல எட பாத்துக்கிட்டு நின்னா.

ரெண்டு அட்டையும் என்ற சட்டப் பையிலதான் இருக்குமுங்க. இந்தாங்க, பாருங்க. இது பெருசு, இது சின்னது. அவகிட்டக் குடுத்தா அரிசிப் பானைக்குள்ள வச்சுட்டு மறந்துருவா.

மாத்திரை குடுக்கறதுன்னா சாதாரண வேலை இல்லீங்க. எனக்கு அதுல ஒரு பழக்கம் உண்டு. நான் வாய்க்கா வேலையில இருந்தவன். லஸ்கரு. டேமுல இருந்து வாற தண்ணிக்கு மடை தெறக்கறது, சாத்தறது. இங்க தண்ணியெல்லாம் முறைதானுங்களே. இந்த வாரம் இந்தக் கிளைக்கு, அடுத்த வாரம் அந்தக் கிளைக்குன்னு. கேட்டா உடறதில்ல, முறை வந்தா உடாம இருக்கறதுமில்ல. “சென்னியப்பா, பயிரு வாடுது, சித்த நேரம் தெறந்து உடப்பா”ன்னு கையெடுத்துக் கும்புட்டவங்க இருக்கறாங்க. தெறந்ததில்ல. இன்னொருத்தரு, “நேத்துத்தான் மழ பேஞ்சுது, எனக்குத் தண்ணி வேண்டாம், சாத்திரு”ன்னாரு. முறை வந்தாச்சு, உட்டேன். தக்காளிச் செடியெல்லாம் அழுகிப் போச்சுன்னு குடும்பத்தோட சண்டைக்கு வந்துட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்றதுங்க? முறை முறைதான்.

அந்தக் கோயமுத்தூரு டாக்டரு பெரிய படிப்புப் படிச்சவருதான். ஆனா பாசனம் தெரியாதவரு. தலவலி வந்த பொறகு மாத்திரைன்னா என்னங்க அர்த்தம்? பயிரு வாடுன பொறகு தண்ணி உடற மாதிரிதானே. வாடறதுக்கு முந்தியே உடறவன்தான் வேலைக்காரன். அதனால சின்ன மாத்திரைக்கு நானா ஒரு முறை வச்சேன். ஒரு நாளு உட்டு ஒரு நாளு, வெடியால, காப்பிக்கு முந்தி. தண்ணி மோந்துட்டு வந்து, மாத்திரைய உள்ளங்கையில வச்சு, முழுங்கறாளான்னு நின்னு பாத்துட்டுத்தான் நகருவேன். இந்தக் காலத்துல எந்த ஆம்பள இதெல்லாம் பண்றான், சொல்லுங்க. சொல்லாதீங்க, பஞ்சு.

மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் பாருங்க, மாசத்துல ரெண்டு தடவ மூணு தடவன்னு வந்துக்கிட்டிருந்த தலவலி, வாரத்துல நாலு நாளு வர ஆரம்பிச்சுருச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுங்க. நான் மட்டும் முறை வைக்காம இருந்திருந்தா அவ நெலம என்ன ஆயிருக்கும்னு ரோசன பண்ணிப் பாருங்க. ஒடனே தெனமும் ஒண்ணுன்னு மாத்துனேன். மருந்துக்கடைத் தம்பி கூட, “என்னங்க ஐயா, இதையே வாரா வாரம் வாங்கறீங்க, டாக்டரு சொன்னாரா”ன்னு கேட்டான். “ஊட்டுல தலவலி ஜாஸ்தியாயிருச்சுப்பா”ன்னேன். கேட்ட கேள்விக்குப் பதிலு அதில்லதான், ஆனா குடுத்துட்டான்.

தெனமும் குடுக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாளுலதானுங்க இந்தத் தவடை வந்து சேந்துச்சு. வெடியால மாத்திரை போட்டுட்டு மாட்டுக்குத் தீனி வைக்கப் போவா. திரும்பி வாறப்பக் கன்னத்தப் புடிச்சுக்கிட்டு வருவா. “தவடையக் கயிறு போட்டு இறுக்கற மாதிரி இருக்குதுங் மாமா, கழுத்து வரைக்கும் புடிக்குது”ம்பா. பொழுதோட ஆனாக் கொஞ்சம் கொஞ்சமா உட்டுரும். மறுக்கா அடுத்த நாளு வெடியால அதே பாட்டு. என்ன கெரகமோன்னு இருந்துச்சு.

ஒரு நாளு, “அந்தச் சின்ன மாத்திரை போட்டாத்தானுங் மாமா இப்படிப் புடிக்குது”ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. “ஏம்புள்ள, தலைக்குக் குடுத்த மாத்திரை தவடைக்கு எதுக்குப் போகுது? ஏழாம் மடையத் தெறந்தா எட்டாம் மடைக்காரன் காட்டுல தண்ணி நிக்குமா?”ன்னு கேட்டேன். “பக்கத்துக் காடுதானுங்களே, கசிஞ்சு போகாதுங்களா”ங்கறா. லஸ்கரு பொண்டாட்டியல்லங்க, வாய்க்காப் பேச்சு அவளுக்கும் வருது. கசிவு இருக்கறது நெசந்தான், நானே பாத்திருக்கறேன். ஆனா ஆபீசுல யாரும் அதக் கணக்குல எடுத்துக்கறதில்ல. நானும் எடுத்துக்கல.

இருங்க, நர்சுப் புள்ள வருது. உங்களுக்குத்தான் மாத்திரை கொண்டாருது போல. இவருக்கா அம்மிணி? என்ன, எந்த மாத்திரையாச்சும் சேராதான்னு கேக்கறயா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்ல வாட்டசாட்டமான ஒடம்பு, எதக் குடுத்தாலும் தாங்கும். இப்படிக் குடு, நான் வாங்கிக் குடுக்கறேன். என்னங்க தம்பி, எதுக்குக் கையப் போட்டு இப்படி ஆட்டறீங்க? தண்ணி வேணுமாமா அம்மிணி. இல்லையா? அட, செல்போன எடுத்து என்னத்தத் தட்டறீங்க? அதப் பாத்துட்டு எதுக்கு அம்மிணி மாத்திரையத் திருப்பி எடுத்துட்டுப் போறே?

ஓ. அது போட்டா உங்களுக்கு மேலெல்லாம் தடிச்சுக்குமா. வேற மாத்திரை கொண்டாரப் போகுதா. செரி, செரி, நல்லதாப் போச்சு. இந்தச் சங்கதிய மொதல்லயே என்கிட்டச் சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பனல்லங்க, உங்களுக்கு எதுக்குச் செரமம்.

எங்க உட்டேன்? தவடை. சோறு மெல்ல முடியாமப் போச்சுங்க. வறுத்த கடலக்கான்னா அவளுக்கு உசுரு. மடியில கட்டிக்கிட்டு, மாடு மேச்சுக்கிட்டே ஒண்ணொண்ணாத் தின்னுவா. வரப்பெல்லாம் தோலு கெடக்கும். அத நிறுத்திப்போட்டா. கண்ணாலத்துக்குப் போனாக் கூட எலையில சாப்பிடாம, பாயசத்த மட்டும் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துருவா. ஊட்டுல களி, மோருன்னு முழுங்கறதோட சரி. மெல்ல முடியலைன்னா அப்பறம் பல்லுலதான கோளாறு இருக்கோணும்? எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

எங்கூருப் பக்கத்துல இருக்கற பல்டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு சின்னதா ஒரு கம்பிய எடுத்து, ஒவ்வொரு பல்லாத் தட்டி, “இது வலிக்குதாம்மா, இது வலிக்குதாம்மா”ன்னு கேட்டாரு. அவ எல்லாத்துக்கும் இல்லைன்னு தலையாட்டறா. “பயத்துல சொல்றாங்க டாக்டரே, ஊட்டுல கன்னத்தப் புடிச்சுக்கிட்டேதான் திரியறா”ன்னு சொன்னேன். அவரு என்னையப் பாத்து, “அப்ப எந்தப் பல்லுங்க?”ன்னாரு. கடவாப் பல்லுதான்னேன். புடுங்குனாரு. புடுங்கி, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “பல்லு நல்லாத்தான் இருந்திருக்குது”ன்னாரு. எங்கூருத் தண்ணி அப்படிங்கன்னு பெருமையாச் சொன்னேன்.

அப்பவும் வலி நிக்கல. அப்படின்னா வலிக்கறது அது இல்ல, அதுக்குப் பக்கத்துப் பல்லுன்னு தெளிவாத் தெரிஞ்சு போச்சல்லங்க. கொஞ்ச நாளு கழிச்சு அதையும் எடுத்தோம். மூணாவதுக்குப் போயி நின்னப்ப, “இனி என்னால ஆகாதுங்க, உடுமலையில ஒரு டாக்டரம்மா இருக்கறாங்க, அவங்ககிட்டப் பாருங்க”ன்னு இங்க தாட்டி உட்டுட்டாரு. மனுசனுக்குத் தைரியம் பத்தல.

இன்னைக்கு வெடியால பஸ்சுல வாறப்ப இவ சன்னலப் பாத்துக்கிட்டே வந்தா. மாத்திரை போட்டு வந்ததால கையி கன்னத்துலயே இருந்துச்சு. பாதி வழியில, “மாமா, இந்தப் பக்கத்துல மெல்லறதுக்குன்னு இனி இருக்கறது ஒண்ணுதானுங்க. அத மட்டும் உட்டுருங்க மாமா”ன்னா. திரும்பிப் பாத்தாக் கண்ணுல தண்ணி நிக்குது. கையப் புடிச்சுக்கலாம்னுதான் இருந்துச்சு. ஆனா நாமளும் சேந்து கலங்குனா வேலைக்காகுமா? “பல்லு முக்கியமா, வலி போறது முக்கியமா”ன்னு ஒரு சத்தம் போட்டேன். பஸ்சுல நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. அதுக்கப்பறம் உடுமலை வாற வரைக்கும் அவ சன்னல் பக்கமே திரும்பிக்கிட்டா.

அப்படிப்பட்டவ உள்ள போயி இவ்வளவு நேரம் என்னத்தப் பேசறான்னுதானுங்க எனக்கு வெசனமா இருக்குது. அவளப் பத்திச் சொல்றதுக்கு என்ன இருக்குது? நான் சொன்னதுக்கு மேல என்ன இருக்கப் போகுது?

கேட்டீங்களா, இப்ப ஒரு சிரிப்புச் சத்தம்? டாக்டரம்மா சிரிப்பில்ல. அது வேற. உள்ள இன்னொரு பொம்பள இருக்குதா? நீங்க இருந்தப்ப யாராச்சும் இருந்தாங்களா? இல்லையா? அப்ப மயிலாத்தாதானா அது. சத்தம் போட்டுச் சிரிக்கறா. பல்லுப் புடுங்க வந்த எடத்துல என்னங்க சிரிப்பு.

இந்தா, கூப்பிடறாங்க. வாறனுங்க அம்மா. தம்பி, போயிராதீங்க, வந்து சொல்றேன்.

இன்னும் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. அவ மொகம் கழுவப் போயிருக்கறா. பல்லுப் புடுங்கலீங்க. புடுங்க வேண்டாமாமா.

உள்ள போனதும் டாக்டரம்மா ஒரு நாற்காலியக் காட்டி, “ஐயா, உங்க ஊட்டம்மா என்கிட்டச் சொன்னத உங்க முன்னால ஒருக்காச் சொல்லுவாங்க. அவங்க முடிக்கற வரைக்கும் நீங்க ஒரு வார்த்த பேசப்படாது”ன்னுது. பள்ளிக்கூடத்துல பசங்களச் சொல்ற மாதிரி. செரின்னு வாய மூடுனேன்.

மயிலாத்தா சொன்னாளுங்க. என்னையப் பாக்கல, செவுத்துல மாட்டியிருக்கற பல்லுப் படத்தப் பாத்துக்கிட்டே சொன்னா. சின்ன மாத்திரை போட்டு, மாட்டுக்குத் தீனி அள்ளி வைக்கறதுக்குள்ள தவடை புடிக்குது, பொழுதோட உடுதுன்னா. நான் ஒருக்கா என்ற சிநேகிதன் ஊட்டுக் கண்ணாலத்துக்குன்னு வெளியூரு போயி ரெண்டு நாளு தங்கிட்டேன். அட்டை என்ற பையோட வந்துருச்சு. “அந்த ரெண்டு நாளும் தலதான் வலிச்சுதுங்க, தவடை ஒண்ணும் பண்ணல. ஆசைக்கு ரெண்டு பிடி கடலக்கா வறுத்துத் தின்னேன்”னு சொல்றா. எனக்குத் தெரியாமக் கடலக்காத் தின்னிருக்கறா, பாருங்க.

நடுவுல நாலஞ்சு எடத்துல எனக்குச் சொல்ல வேண்டியது இருந்துச்சுங்க. அந்தக் கண்ணாலம் ஆவணியில, இவ ஆடியிலங்கறா. ஆடியில யாருங்க கண்ணாலம் வைக்கறாங்க? நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. டாக்டரம்மா ஒரு பார்வ பாத்துச்சு. பல்லோட பல்லச் சேத்து அமுக்கி, அப்படியே உக்காந்துட்டேன். இவ பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறா. அந்தம்மாவும் கேட்டுக்கிட்டே இருக்குது, ஒரு தடவ கூடக் கடியாரத்தப் பாக்கல.

நான் வெளிய இருந்தப்பவே, இவ பையில இருந்த மருந்துச் சீட்டுல நம்பரப் பாத்து, அந்தம்மா கோயமுத்தூரு டாக்டரோட போனுல பேசீருச்சாமா. தலவலி வந்தாப் போடற மாத்திரையத் தெனமும் போட்டா, அந்த மாத்திரையே தலவலியக் கூட்டிட்டு வருமாமா. அது போட்டாச் சில பேருக்குத் தவடை, கழுத்து, நெஞ்செல்லாம் இறுக்கிப் புடிக்குமாமா. இன்னையோட அத நிறுத்திப்போட்டு, இந்த வாரமே நேருல வாங்க, நெஞ்சையும் ஒருக்காப் பாத்துரலாம்னாராமா. இவ பல்லுல ஒரு கோளாறும் இல்லையாமா. “புடுங்குன ரெண்டும் நல்ல பல்லாத்தான் இருந்திருக்கும்”னு அந்தம்மா சொல்லுச்சு.

அப்பவும் மயிலாத்தா என்னையப் பாக்கலீங்க. பாத்து ரெண்டு வார்த்த திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. வெடியால வெடியால என்ற கையாலதானுங்க குடுத்தேன். கொஞ்ச நேரம் அந்தக் கைய எங்க வைக்கறதுன்னே தெரியலீங்க. ரொம்பச் சங்கடமாப் போச்சு.

ஆனா நெதானமா ரோசன பண்ணுனா, என்ற மேல என்னங்க தப்பு? அந்தக் கோயமுத்தூரு டாக்டரு, வந்தா மட்டும் போடுங்கன்னாரு. ஏன்னு சொன்னாரா? மருந்துக்கடைத் தம்பி, கேட்டவன் இன்னொருக்கா அழுத்திக் கேட்டிருக்கலாமல்ல. பல்லு நல்லாருக்குதுன்னு சொன்னவரு, அதப் புடுங்கறதுக்கு முந்தி சொல்லியிருக்கலாமல்ல. எல்லாத்துக்கும் மேல இவ. சின்ன மாத்திரை போட்டாத் தவடை புடிக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தாக் கேக்காமயா இருந்திருப்பேன்? ஆங், சொன்னாதான், இல்லைங்கல. நான் சொல்றது, கேக்கற மாதிரிச் சொல்லியிருந்தா.

கடைசியா, “மாத்திரை யாருகிட்ட இருக்குது”ன்னு அந்தம்மா கேட்டுது. ரெண்டு அட்டையையும் எடுத்து மேசை மேல வச்சேன். பாத்துட்டு என்கிட்டத் திருப்பித் தரும்னு கைய நீட்டுனேன். தரலீங்க. அவகிட்டக் குடுத்து, “உங்க மருந்து இனி உங்க பையில இருக்கட்டும்மா. சின்னது இப்ப வேண்டாம், பெருச மட்டும் ராத்திரியில நீங்களே எடுத்துப் போட்டுக்கோங்க”ன்னுது. அவளும் வேண்டாங்கல, மாமாவே வச்சுக்கட்டும்னு ஒரு பேச்சுக்குக் கூடச் சொல்லல. வாங்கிப் பையில போட்டு, ஜிப்ப இழுத்துச் சாத்திக்கிட்டா.

அதுக்கப்பறந்தான், “இப்ப நீங்க ஏதாச்சும் சொல்லோணுமுங்களா ஐயா”ன்னு என்னையக் கேட்டுது. சொல்லோணும்னு வாயத் தெறந்தா, இதா, இந்தக் காதுக்குக் கீழ சுரீர்னு இழுத்துப் புடிச்சுக்கிச்சுங்க. வார்த்தையே வரல. இப்பவும் உட மாட்டேங்குது. நல்ல பல்லுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், எனக்கும் ஏதோ ஆரம்பிக்குது போலிருக்குது. வந்தது வந்தோம், ஒருக்காப் பாத்துட்டுப் போயிரலாமான்னு நெனைக்கறேன்.

இந்தா வந்துட்டா. இவதானுங்க மயிலாத்தா. உக்காரு புள்ள. இந்தத் தம்பிக்கு உன்னப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். நர்சுப் புள்ளையும் தம்பி மாத்திரையோட வந்துருச்சு. என்ன அம்மிணி? ஆமா, கன்னத்தத்தான் புடிச்சுக்கிட்டிருக்கறேன். டாக்டரம்மாவப் பாக்கோணுமான்னா கேக்கறே? அது வந்து பாரு அம்மிணி, இந்தக் காதுக்குக் கீழ...

கேட்டீங்களா தம்பி, கேட்டீங்களா இவ சொன்னத? “அவருக்கு ஒண்ணுமில்ல கண்ணு, இவ்வளவு நேரம் பேசாம இருந்து பழக்கமில்ல, அதான். ஊட்டுக்குப் போனாச் செரியாப் போயிரும்”ங்கறா. அந்தப் புள்ளையும் செரிங்கம்மான்னு சிரிச்சுக்கிட்டுப் போகுது. நீங்களும் சிரிக்கறீங்க, பஞ்சு உழுந்துருமுங்க.

அது கேட்டது என்னையத்தானுங்க. வலிக்கறதும் எனக்குத்தானுங்க. வாயிருக்கற மனுசன் ஒருத்தன் பக்கத்துல உக்காந்திருக்கறப்ப, அவனுக்குப் பதிலா இன்னொருத்தரு பூந்து பேசறதுன்னா என்னங்க பழக்கம் இது. இத இவ எங்க போயிக் கத்துக்கிட்டான்னு எனக்குத் தெரியலீங்க தம்பி.